கை நனைத்த வீடு

“களி போடட்டுமா, சோறே போதுமா தம்பி?” என்று கேட்டார் சென்னகிருஷ்ணன்.

மணிவேல் அக்கா பொற்கொடியைப் பார்த்தான். பெண் பார்க்க வந்த வீட்டில், சம்பந்தம் முடிவாகும் முன் கை நனைப்பது வழக்கமில்லை. காபியோடு எழுந்துவிடுவார்கள். அவள் அதைச் சொல்லியும் பார்த்தாள். பெண்ணின் அப்பா சென்னகிருஷ்ணன் கேட்கவில்லை. தங்கள் ஊரான பேரிகை வரைக்கும் வந்துவிட்டு வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று இலையே போட்டுவிட்டார்.

பொற்கொடிக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. இந்தச் சம்பந்தத்தில் அவளுக்கு முதலிலிருந்தே ஒரு புதிர் இருந்தது. விசாரித்துக்கொண்டு இவர்கள் ஊர் கல்லாவிக்கு ஆள் அனுப்பி ஜாதகம் கேட்டது பெண் வீட்டார்தான். தோட்டம், கிணறு, டிராக்டர் எல்லாம் இருக்கிற வீடு. ஓசூர்க் கம்பெனியில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் போகும் ஒருவனிடம் எதைக் கண்டார்கள்?

மணிவேலின் கவலை வேறு. மூன்று வருடமாக அவனுக்கு வயிறு சரியில்லை. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், சாப்பாட்டு நேரம் தப்பினால் மேல்வயிற்றில் ஒரு வலி. எண்டோஸ்கோபி செய்த டாக்டர், அமிலம் மேலே ஏறுகிறது, இரைப்பையில் லேசான புண், ஒழுங்காக இருந்தால் அடங்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அவன் பயப்படவில்லை. ஆனால் மாத்திரை விஷயத்தைக் கேள்விப்பட்ட முதல் பெண் வீட்டார், குடித்துக் குடல் வெந்தவன் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டிலும் அதே பேச்சு. அவன் பீர்கூடத் தொட்டதில்லை. வயது முப்பத்திரண்டு ஆகிவிட்டது.

சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டிய மாத்திரையை, பஸ்ஸிலேயே பொற்கொடி அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

“வயித்தப் பத்தி வாயத் தொறக்காத. இதுவும் போச்சுன்னா நான் இனி எங்கயும் உன்கூட வர மாட்டேன்” என்று சொல்லியிருந்தாள்.

“களியே போடுங்க” என்றான் மணிவேல்.

சென்னகிருஷ்ணன் எதிரில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். சம்பளத்தைக் கேட்கவில்லை. நிலத்தைக் கேட்கவில்லை. நைட் ஷிப்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவான், பால் ஒத்துக்கொள்ளுமா, ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டார்.

“நேரமெல்லாம் பாக்கறதில்லைங்க. கிடைச்சப்ப சாப்பிடுவேன். டீ ஆறு, ஏழு ஆகும்.”

அவன் டீயை விட்டு எட்டு மாதம் ஆகிறது. மிஷின் ஓடும்போதுகூட மூன்று மணிக்கொருதரம் இரண்டு பிஸ்கட்டாவது தின்றுவிடுவான்.

“சாப்புட்ட உடனே படுக்கறதுங்களா?”

“படுத்தா அஞ்சு நிமிஷத்துல தூக்கங்க.”

“எங்க வீட்டுப் பானையில இவன் பழையதுகூட மிச்சம் வெக்க மாட்டான்” என்று பொற்கொடி சேர்த்துக்கொண்டாள்.

சென்னகிருஷ்ணன் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“தலைமாட்ட ஒசத்தி வெச்சுப் படுக்கற பழக்கம் உண்டுங்களா தம்பி?”

மணிவேலின் கை இலையிலேயே நின்றது. ஓசூர் அறையில் அவன் கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டும் செங்கல் மேல் நின்றன. டாக்டர் சொன்ன யோசனை. பெண் பார்க்கும் இடத்தில் யாராவது இதைக் கேட்பார்களா?

“வெறுந்தரையிலயே படுப்பேங்க. கல்லத் தின்னாலும் செரிக்கற வயிறு நம்மளுது” என்றான்.

பெண் சௌமியாவே பரிமாற வந்தாள். களி உருண்டையின் மேல் கீரைக் கடைசல் ஊற்றினாள். காரமே இல்லை. பக்கத்தில் ஒரு டம்ளர் நீர்மோர் வைத்தாள். அவன் வயிற்றைக் கேட்டுச் சமைத்தது போலிருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அக்காவின் முழங்கை விலாவில் இடித்தது. அவன் மோரைத் தள்ளி வைத்துவிட்டு, மிளகாய்ச் சட்னி இருக்குமா என்று கேட்டான்.

சௌமியா அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ச் சட்னிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அதற்குமேல் அவள் வெளியே வரவில்லை.

மணிவேல் இன்னொரு உருண்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தொண்டை வரைக்கும் எரிந்தது. சிரித்த முகமாகவே கை கழுவினான்.

பொற்கொடி நிச்சயத்துக்கு நாள் பார்க்கும் பேச்சை எடுத்தாள். சென்னகிருஷ்ணன் உள்ளே போய் மகளிடம் ஏதோ கேட்டார். திரும்பி வந்தவர், இது சரிப்பட்டு வராது, மன்னிக்கணும் என்றார்.

பொற்கொடியால் நம்ப முடியவில்லை. சோறும் போட்டுவிட்டு வேண்டாம் என்றால் என்ன அர்த்தம், தம்பிக்கு ஒரு நோய் நொடி உண்டா, ஒரு கெட்ட பழக்கம் உண்டா என்று கேட்டாள்.

அவர் மணிவேலைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

“ஓசூர் வயித்து டாக்டர்கிட்ட மூணு வாட்டி உங்களுக்குப் பின்னாடி பெஞ்சுலதான் நாங்க உக்காந்திருந்தோம் தம்பி. எம்பொண்ணுக்கும் நாலு வருஷமா இதே நோவுதான். இவரக் கட்டிக்கிட்டா எதையும் ஒளிக்காம இருந்துக்கலாம்னு உங்களக் காட்டுனதே அவதான்.”