பைக்குள் எலுமிச்சம்பழம்

மகளின் கை மர்ஜானாவின் கைக்குள் இருக்கிறது.

அவள் பள்ளி வாசலுக்கு வெளியே, நடைபாதையில் நின்று பார்க்கிறாள்.

பெற்றவள் வெளியே. சாச்சி மர்ஜானா உள்ளே.

மர்ஜானா கொழுந்தனின் மனைவி; இவளை லாத்தா, அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். பாரிஸுக்கு வந்து இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. பஸ் நிறுத்தம் வரை அவள் தலையிலும் முக்காடு இருந்தது. அங்கே அவிழ்த்து, மடித்து, கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். தினமும் வேலைக்குப் போகும்போதும் இதே கதைதான். சாயங்காலம் தெரு முனையில் முக்காடு திரும்பத் தலையில் ஏறிவிடும். மாமிக்கு இது தெரியாது. மாமிக்கு அவள்தான் செல்ல மருமகள்.

பெரிய மருமகளான இவளுக்குத் தெரியும். இதுவரை வாயைத் திறந்ததில்லை.

பிள்ளைகளை மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துப்போகிறார்கள். துணைக்கு வீட்டுப் பெண்கள் வேண்டும் என்றதும் முதலில் கையைத் தூக்கியவள் பெற்றவள்தான். தலைமையாசிரியை சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தவறாக நினைக்க வேண்டாம், பயணத்துக்கு முக்காடு கூடாது, இந்தப் பள்ளியில் அப்படித்தான். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் திருப்பி நன்றாகக் கேட்டிருப்பாள்.

ஒரு குண்டூசி. அதை உருவினால் உள்ளே போகலாம்.

கை போகவில்லை. மாமிக்குப் பயந்து அல்ல. புருஷனுக்காகவும் அல்ல, அவர் உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டார். அவளுக்கே மனசு வரவில்லை. அவ்வளவுதான். இதை யாரிடம் போய் விளக்குவது?

டி.வி.யில் விளக்குகிறார்கள். கோட்டுப் போட்ட நாலு பேர் உட்கார்ந்து அவள் தலையைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அடிமைத்தனம் என்கிறார் ஒருவர். உரிமை என்கிறார் இன்னொருவர். மகள் ருஷ்தாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

பெற்றவளுக்குத் தெரியும்.

அதற்காகத்தான் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தாள். சொந்த ஊர் காரைக்காலில் பஸ் ஏறும் பிள்ளை கையில் ஒரு பழத்தைக் கொடுத்து முகரச் சொல்வார்கள். குமட்டல் அடங்கிவிடும். பழம் இப்போது அவள் கைப்பையில், மழைக்காக எப்போதும் வைத்திருக்கும் மாற்று முக்காட்டோடு கிடக்கிறது.

மர்ஜானாவிடம் கொடுக்க வேண்டும். கொடுக்கத்தான் வந்தாள்.

பஸ் படியில் ருஷ்தா சாச்சியின் முடியைப் பிடித்து இழுக்கிறாள். காற்றில் பறக்கிற முடி. மர்ஜானா குனிந்து அவள் காதில் ஏதோ சொல்கிறாள். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறது. உம்மா நிற்கிற பக்கம் திரும்பவே இல்லை.



எல்லாம் தெரிந்தவள்தானே. சமாளித்துக்கொள்ளட்டும்.

பையின் ஜிப்பை இழுத்து மூடுகிறாள்.

பகல் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. பையைத் திறப்பாள், உள்ளே கைவிட்டுப் பழத்தின் தோலை நகத்தால் கீறுவாள், மூடுவாள்.

சாயங்காலம் பஸ் வருகிறது.

ருஷ்தா முகம் வெளுத்துப் போய் இறங்குகிறாள். பின்னால் மர்ஜானா. அவள் கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை.

போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. சாச்சி தன் முக்காட்டை விரித்து அதிலேயே ஏந்திக்கொண்டாளாம்; அதுதான் அந்தப் பைக்குள். மற்றப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்காதபடி மறைத்து உட்கார்ந்தாளாம். ருஷ்தா பெருமையாகச் சொல்கிறாள். ராணி கதை சொல்கிற மாதிரி சொல்கிறாள்.

மர்ஜானா வெறும் தலையோடு தெரு முனையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அங்கிருந்து வீடு வரை ஊர்க்காரர்கள்தான். மாமி இந்நேரம் ஜன்னலுக்கு வந்திருப்பார்.

ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். இப்படியே வீட்டுக்கு நடந்தால் போதும். செல்ல மருமகள் இன்றோடு சரி.

மர்ஜானாவின் கோட்டுத் தோளில் ஒரு கறை. துடைத்துப் பார்த்திருக்கிறாள், போகவில்லை. பிள்ளை அங்கேதான் தலை சாய்த்திருக்க வேண்டும்.

பெற்றவள் தன் கைப்பையைத் திறக்கிறாள்.

வாசம் முதலில் அவள் மூக்கில்தான் ஏறுகிறது. மாற்று முக்காடு முழுக்க எலுமிச்சை. கொடுத்தால் தெரிந்துவிடும்.

நீட்டுகிறாள்.

மர்ஜானா வாங்கித் தலையில் போட்டு, கன்னத்தோடு இழுக்கிறாள். கை பாதியில் நிற்கிறது. துணியின் நுனியை மூக்கருகே கொண்டுபோகிறாள். ருஷ்தாவைப் பார்க்கிறாள். திறந்திருக்கும் பையைப் பார்க்கிறாள்.

"காலையிலேயே பையில இருந்துச்சா, லாத்தா?"



பெற்றவள் தன் தாடைக்குக் கீழே கைவைத்து, குண்டூசியை உருவுகிறாள். அதை மர்ஜானாவின் முக்காட்டில் குத்திச் சரிசெய்கிறாள். நழுவப்பார்த்த தன் முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொள்கிறாள். மறு கையை நீட்டி அந்த பிளாஸ்டிக் பையை வாங்கிக்கொள்கிறாள்.

தெரு முனை வருகிறது. கார்கள். ரோட்டைக் கடக்க வேண்டும்.

ருஷ்தா அண்ணாந்து உம்மாவின் கைகளைப் பார்க்கிறாள். இரண்டும் காலியாக இல்லை.

மகளின் கை மர்ஜானாவின் கைக்குள் போகிறது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே கூட நடக்கிறாள்.