சொந்தக் கையெழுத்து

பேனா மூன்றாவது முறையும் நோயாளியின் விரல்களிலிருந்து நழுவிப் போர்வையில் விழுந்தது. கருணை மரண மனுவோடு வீட்டுக்கு வந்திருந்த அதிகாரி அதை எடுத்துக்கொண்டார்.

“கைநாட்டு வெச்சிடட்டுமே சார்,” என்று கணவரின் பெருவிரலைப் பிடித்தாள் மனைவி.

“செல்லாதும்மா. சொந்தக் கையெழுத்துதான் வேணும்.”

“வாயால கேக்கறாரே, போதாதா?”

“அனுப்பி வெச்சிடுங்க,” என்றார் கட்டிலில் கிடந்தவர், மறுபடியும்.

அதிகாரிக்கு மனசு கேட்கவில்லை. “நான் என்னம்மா பண்ணட்டும்? இந்தச் சட்டம் வந்தப்போ எதிர்க்கட்சியில யாரோ ஒரு கொள்கைச் சிங்கம் ஒத்தைக்கால்ல நின்னாராம். சட்டத்தைத் தடுக்க முடியலைன்னதும் இந்த ஒரு வரியையாவது சேருங்கன்னு சேர்க்க வெச்சிருக்கார். கையே வராதவங்க என்ன செய்வாங்கன்னு அந்த மனுஷன் யோசிச்சிருப்பாரா? வாயில நல்லா வருது!”

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

“யோசிச்சேன் தம்பி,” என்றார் கட்டிலில் கிடந்தவர். “அவங்க விரலைப் பிடிச்சு வேற யாரும் கைநாட்டு வெச்சிடக் கூடாதுன்னுதான் சேர்த்தேன்.”

இன்னும் பிடித்துக்கொண்டிருந்த பெருவிரலை மனைவி மெல்ல விட்டாள்.