வெளியே கேட்காத பெட்டி

ஜெர்மன் கடையொன்றில், அம்மாவுக்கு அனுப்பவென்று எடுத்த கசெற் பெட்டியிலிருந்து புஷ்பநாதன் இயர்போன் வயரைப் பிடுங்கினான். பாட்டு கடை முழுக்கக் கேட்டது. பதறிப்போய் நிறுத்தினான்.

"இது வேண்டாம், அண்ணை. வயர் கழண்டால் வெளியிலை கேக்குது."

"கேட்டால் என்ன? யாழ்ப்பாணத்திலை கொம்மா தனியத்தானே இருக்கிறா?" என்றார் கூட வந்த நவரத்தினம். "மகன் ஜெர்மனியிலை இருந்து பேசி அனுப்பின கசெற்றை அயலட்டைச் சனமும் கேக்கட்டுமன்."

"அயலட்டைக்குத்தான் கேக்கக்கூடாது."

"உன்ரை குரல் அவ்வளவு மோசமோ?"

 புஷ்பநாதன் ஒரு சின்ன வாக்மனை எடுத்துப் பாட்டைப் போட்டு, அதன் வயரையும் பிடுங்கிப் பார்த்தான். சத்தம் வரவில்லை.

"இதுதான் சரி. அம்மா ஒரு பட்டனை அமத்தினால் போதும்."

"ஏனடா இவ்வளவு பயம்?"

"ஆமி என்னைத் தேடி வந்தது. நான் செத்துப்போனன் எண்டு அம்மா சொல்லிப்போட்டா. படத்துக்கு மாலை போட்டு, எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கும் செய்தவ. ஊரே நம்புது. செத்தவன்ரை குரல் வீட்டிலை கேட்டால் அம்மாவைக் கொண்டு போயிடுவாங்கள்."

 நவரத்தினம் வாக்மனை வாங்கித் தன் காதில் மாட்டிப் பட்டனை அழுத்தினார்.

"புஷ்பா! நல்லாக் கேக்குதடா!"

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். காது நிறையப் பாட்டு. தான் கத்தியது அவருக்கே தெரியவில்லை.

புஷ்பநாதன் அவர் காதிலிருந்து வாக்மனைக் கழற்றினான். மகனின் குரலைக் கேட்டால் அம்மா சும்மா இருக்கமாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் பேசுவார். இப்படித்தான் கத்துவார்.

வாக்மனை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தான்.