வீட்டுக்கு ஓர் இணைப்பு

சாரநாதன், வேதவல்லி இருவரின் நினைவுகளும் நகரத்தின் தரவுத்தளத்தில்தான் இருந்தன. அந்தத் தரவுத்தளத்தோடு அவர்களை இணைத்துவந்த பழைய டிரைவர் மென்பொருள் செயலிழந்துவிட, காலையிலிருந்து கணவனும் மனைவியும் ஒரே சோபாவில் அந்நியர்களாக உட்கார்ந்திருந்தார்கள். புதியதை நிறுவ ரெஜினா வந்தாள்.

முதலில் சாரநாதனின் காதுக் கருவியில் ஏற்றிச் சோதித்தாள். அவர் சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார்.

"வேதா, மாத்திரை போட்டியா?"

வேதவல்லி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"சார், புது டிரைவர் வீட்டுக்கு ஒரு இணைப்புதான் குடுக்குது," என்றாள் ரெஜினா. "உங்கள்ல ஒருத்தருக்குத்தான் வரும். யாருக்குன்னு பதிஞ்சிட்டா அப்புறம் மாத்த முடியாது."

அவர் மனைவியைப் பார்த்தார்.

"அவளுக்கே குடும்மா. எதை மறந்தாலும் அவளுக்குத் தாங்காது."

ரெஜினா சோதனை இணைப்பை வேதவல்லிக்கு மாற்றினாள். முகம் தெளிந்து, அவள் கணவரின் கையைப் பிடித்தாள். அவர் கூச்சத்துடன் கையை விடுவித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்.

அவர் சொன்னதை ரெஜினா அவளிடம் சொன்னாள். "உங்களுக்குச் சம்மதமாம்மா? இல்ல, சாருக்கே வெச்சிடவா?"

"வெச்சா, இப்ப எனக்கு வலிக்கிற மாதிரி அவருக்கு வலிக்கும், இல்லையா?"

ரெஜினா தலையசைத்தாள்.

"வேண்டாம். எனக்கே இருக்கட்டும்."

ரெஜினா பதிந்துவிட்டுப் போனாள். வேதவல்லி கண்களைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"என் பேரு வேதவல்லி. உங்க வீட்டுக்காரி."

அவர் மரியாதையாக எழுந்து கைகூப்பினார்.

"உட்காருங்க," என்று சோபாவின் மறுகோடியைக் காட்டினார்.