சிவப்பியைக் கிடத்திய பாறை

இந்தக் காலத்து ஆட்களுக்குச் செத்த மாடு என்றால் குப்பை.

மூக்கைப் பொத்திக்கொண்டு பொக்லைனை வரச்சொல்லிக் குழிக்குள் தள்ளிவிடுகிறார்கள். பால் குடித்த வாய்தான் காறித் துப்புகிறது.

அவர் அப்படிப்பட்டவர் இல்லை. டிராக்டர்காரனைத் திட்டித் திட்டி மெதுவாக ஓட்டவைத்து, மாயாற்றுக்கு மேலே இருக்கும் மொட்டைப் பாறையில் தன் கறவை மாடு சிவப்பியைக் கொண்டுவந்து கிடத்தினார். கயிற்றை அவிழ்த்தார். கயிறு பதிந்த கழுத்தைத் தேய்த்துவிட்டார்.

மண்ணுக்குள் போட்டால் புழுதான் தின்னும். மாடு பாறுக் கழுகின் வயிற்றில் ஏறி மேலே போக வேண்டும். அவருடைய அப்பாவின் மாடுகளெல்லாம் இந்தப் பாறையிலிருந்துதான் போயின.

வானம் வெறுமனே கிடந்தது.

அவர் தங்கை மகன் சித்துராஜ் மூச்சிரைக்க ஏறி வந்தான். காட்டிலாகாவில் வாச்சர் வேலை. பாறுகள் எங்கே கூடு கட்டுகின்றன, குஞ்சு தப்பியதா என்று பார்த்துத் திரிவதுதான் இப்போது அவன் பிழைப்பு. வந்தவன் மாட்டைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தான்.

"மாமா, வலிக்கு ஊசி போட்டீங்களா?"

போட்டார். போடாமல்? எழுந்திருக்க முடியாமல் தலையைத் தரையில் அடித்து அடித்து முனகியது. பைக்கில் வருகிற ஊசிக்காரனைக் கூப்பிட்டார். மருந்து இறங்கிய பிறகுதான் அவர் மடியில் முகத்தை வைத்தது. ஒரு பெருமூச்சு விட்டது. அப்படியே போய்விட்டது.

சித்துராஜ் தலையில் கைவைத்துக்கொண்டான். மாட்டுக்குப் போடக் கூடாது என்று சர்க்காரே தடுத்த மருந்து அது என்றான். கறியில் தங்கிவிடும், தின்கிற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு உயிர் போய்விடும் என்றான். இந்தப் பள்ளத்தாக்கில் மிச்சமே கொஞ்சம்தான். குழியை நானே தோண்டுகிறேன் என்று கெஞ்சினான்.

வலியை எடுத்த மருந்து எப்படி விஷமாகும்? எவனோ படித்தவன் சொன்னதை அப்படியே வாந்தி எடுக்கிறான்.

"கள்ளுக் குடிச்சவனைக் கடிச்ச கொசு தள்ளாடிக்கிட்டா போகுது? போடா."

சித்துராஜ் கடப்பாரைக்கும் ஆளுக்கும் ஓடினான்.

அவன் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் பாறைமேல் ஒரு நிழல் ஓடியது.

பிறகு இன்னொன்று.

அவர் எழுந்து பின்வாங்கினார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

இறங்கின. மொட்டைக் கழுத்தை வளைத்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, சீறிச் சீறித் தின்றன.

என் சிவப்பி அநாதையாகப் போகவில்லை என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

சித்துராஜ் கத்திக்கொண்டே ஓடிவந்தான். கல்லை எடுத்தான்.

அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கறவை மாட்டோடு காலம் தள்ளிய கை. அவனால் உதற முடியவில்லை.

"இலையில உக்காந்தவங்கள எழுப்பாதடா."

சில நாள் கழித்து, விறகு பொறுக்கும் சாக்கில் அந்தப் பக்கம் போனார். பாறையில் எலும்பு மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. சுத்தமாக. அப்படித்தான் இருக்க வேண்டும்.

கீழே, ஆற்றோரத்து நீர்மருதில் ஒரு பாறு உட்கார்ந்திருந்தது.

கழுத்து தொங்கிக் கிடந்தது.

மரத்தடியில் சித்துராஜ் குந்தியிருந்தான். அவனுக்கு முன்னால் எதையோ சாக்குப் போட்டு மூடியிருந்தான். சாக்குக்கு வெளியே ஒரு சிறகு நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் சாக்கைப் பார்க்கவில்லை. மரத்தையே பார்த்தார்.

"வயிறு நெறஞ்சிருக்கு. தூங்குது" என்றார்.

சித்துராஜ் சாக்கை இழுத்து அந்தச் சிறகையும் மூடினான். திட்டவில்லை. திட்டியிருந்தால் இவருக்கும் நாலு வார்த்தை பேச வசதியாக இருந்திருக்கும்.

வெயில் அப்படி. ஊசியில் ஒன்றுமில்லை. பறவை என்றால் ஒன்றிரண்டு சாகத்தான் செய்யும்.

திரும்பி நடந்தார்.

வழியெல்லாம் காய்ந்த சருகு. ஒவ்வொரு அடியையும், சத்தம் வராமல், பார்த்துப் பார்த்து வைத்துப் போனார்.