நாலாவது மனு

காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் போட்டிருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண், நாலாவது முறையாகக் காவல் நிலையத்துக்கு வந்திருக்கிறாள். கூடவே அக்கா. "அடிச்சானா?" என்கிறார் எழுத்தர், தலை நிமிராமல். "இல்ல சார். எட்டு மாசமா பின்னாலயே வர்றான். பஸ்ல, கடை வாசல்ல, எங்க தெருமுனையில." "கையைப் பிடிச்சானா?" "இல்ல சார்." "அப்புறம் என்னன்னு எழுதுறது? ரோடு எல்லாருக்கும் பொதுதானே. நீ வேற வழியா போயேன்." "வழியும் மாத்தியாச்சு சார், வீடும் மாத்தியாச்சு." அக்கா பல்லைக் கடிக்கிறாள். "குடுத்த மூணு மனுவும் எங்க சார்?" "முன்னாடி இருந்தவர் மாற்றலாகிப் போயிட்டாரு. முதல்லேர்ந்து சொல்லுங்க." அவள் முதலிலிருந்து சொல்கிறாள். தேதிகள் மனப்பாடமாகிவிட்டன, குரல்தான் தேய்ந்துகொண்டே போகிறது. பாதியிலேயே எழுத்தர் கையமர்த்துகிறார். "அவன் நம்பரைக் குடு, நானே கண்டிச்சு வைக்கிறேன்." அவன் ஓயாமல் மிஸ்டு கால் கொடுக்கும் நம்பரை அக்கா சொல்கிறாள். எழுத்தர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டாரிடம் பேசுவதுபோல் குழைகிறார். "தம்பி, உன்மேல ஒரு பொண்ணு புகார் குடுக்க வந்திருக்கு..." "ஐயோ சார், நான் இங்க இருக்கேன்னு சொல்லாதீங்க!" அவள் பதறி எழுகிறாள். எழுத்தர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறார். முகத்திலிருந்த சலிப்பு காணாமல் போகிறது. போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மெல்லச் சொல்கிறார்: "அவனுக்கு ஏற்கனவே தெரியுமாம். உன் பின்னாலயேதான் வந்தானாம். வாசல்ல நிக்கிறானாம்."