மகனுக்காக வந்தவள்

"மகன் வளரவே மாட்டேக்கான் டாக்டரம்மா. ஹார்மோன்ல ஏதாச்சும் குறையான்னு நல்லாப் பாருங்க."

கலைச்செல்வி இதையே மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் கோகிலவாணிக்கு எரிச்சல் ஏறியது.

குழந்தைகளின் வளர்ச்சிக் கோளாறுகளைப் பார்ப்பதற்கென்றே மும்பை மாட்டுங்காவில் கிளினிக் வைத்திருப்பவள் அவள். பையன் மகேஷ்குமாரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோடு நிறுத்தி அளந்தாயிற்று. எட்டு வயதுக்கு இருக்கவேண்டிய உயரத்தைவிட ஒரு விரல் கூடவே இருந்தான். போன தீபாவளிச் சட்டை இப்போது இடுப்புக்கு மேலே நிற்கிறது என்று அவனே சொன்னான். எந்த டெஸ்ட்டும் தேவையில்லை என்று கோகிலவாணி சொல்லியும், அந்த அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதாக இல்லை.

அப்போதுதான் கதவோரம் நின்ற சிறுமியைக் கோகிலவாணி கவனித்தாள். பையனின் ஸ்கூல் பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"தங்கச்சியாடா?" என்று பையனிடம் கேட்டாள்.

"அக்கா. செவன்த் படிக்கா."

கோகிலவாணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பேச்சியம்மாள் என்ற அந்தப் பெண்ணுக்கு வயது பன்னிரண்டு. தம்பியின் காது உயரம்கூட இல்லை. பக்கத்தில் கூப்பிட்டு அளந்தாள். கழுத்தின் இரு பக்கமும் தோல் மடிந்து தோள்வரை இறங்கியிருந்தது. முழங்கையை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். முன்கை வெளிப்பக்கமாக விலகி நின்றது. சந்தேகம் வலுத்தது.

அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா தளவாய் நிமிர்ந்தான். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருப்பவன்.

"அவ எங்க அம்ம சாடை, அப்படித்தான் இருப்பா. பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு டாக்டரம்மா இதெல்லாம்? பையனுக்காகத்தான் பட்டறையப் பூட்டிட்டு வந்திருக்கேன்."

கோகிலவாணி வெடித்துவிட்டாள். இது சாடை இல்லை, பிறவியிலேயே வந்த குறையாக இருக்கலாம், குரோமோசோம் டெஸ்ட் எடுக்கணும், இதயத்தையும் ஸ்கேன் பண்ணணும், வளர்வதற்கான ஊசியை எப்போதோ ஆரம்பித்திருக்கணும், இன்னும் தள்ளிப்போட்டால் இவள் பெரிய மனுஷி ஆவதே சிக்கல் என்று கொட்டித் தீர்த்தாள். இதயம் என்றதும் தளவாயின் முகம் வெளிறியது. மறு பேச்சில்லாமல், ரத்தம் கொடுக்க மகளைக் கைப்பிடித்துக் கீழ்த்தள லேபுக்குக் கூட்டிப்போனான். பையனும் பின்னாலேயே ஓடினான்.

கிளம்பப்போன கலைச்செல்வியைக் கோகிலவாணி நிறுத்தினாள். கோபம் இன்னும் அடங்கவில்லை.

"அந்த ஆளை விடுங்க. நீங்க பெத்தவங்கதானே? நல்லா இருக்கிற பையனுக்காக இவ்வளவு நேரம் என் உயிரை எடுத்தீங்க. பக்கத்துல நிக்கிற பொண்ணப் பத்தி ஒரு வார்த்தை வந்துச்சா வாயில? வெக்கமா இல்ல?"

கலைச்செல்வி கதவருகே போனாள். வெளியே எட்டிப் பார்த்தாள். புருஷன் படியிறங்கிவிட்டான் என்று தெரிந்ததும் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ரெண்டு வருசமா இவளக் காட்டணும்னு அவுககிட்ட கெஞ்சுதேன் டாக்டரம்மா. பொட்டப்பிள்ளைக்கு எதுக்குன்னு அடிக்க வந்தாக. மகன் வளரலன்னு சொன்னேன், மறுநாளே கூட்டியாந்துட்டாக."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன் நல்லா இருக்கான்னு எனக்குத் தெரியாதா? நீங்க எப்போ இவளத் திரும்பிப் பாப்பீகன்னுதான் எந்திரிக்காம உக்காந்திருந்தேன்."